எசுப்பானிய வினைத்திரிபு

எசுப்பானிய வினைத்திரிபு என்பது எசுப்பானிய மொழியில் இடம், எண், காலம் ஆகியவற்றுக்கு ஏற்ப வினைச்சொல்லின் ஈறு மாறுவதைக் குறிக்கும். ஆங்கிலம் தன் வினை விகுதிகளுள் பெரும்பாலானவற்றை இழந்துவிட்ட மொழி. ஆகவே ஆங்கில வழிப் பாடநூல்கள் இத்திரிபை ஒரு பெருந்தடையாகக் காட்டுகின்றன. தமிழ் மாணவருக்கு இது அவ்வளவு புதிதன்று; தமிழிலிருந்தே நேராக அணுகுவது எளிது.

விகுதிகள்

எசுப்பானிய வினைகளின் அகராதி வடிவம் -ஆர், -எர், -இர் என்பவற்றுள் ஒன்றில் முடியும். "ஆப்லார்" (பேசுதல்) என்பதன் நிகழ்கால வடிவங்கள்:

ஆப்லோ - பேசுகிறேன்
ஆப்லாஸ் - பேசுகிறாய்
ஆப்லா - பேசுகிறான், பேசுகிறாள்
ஆப்லாமோஸ் - பேசுகிறோம்
ஆப்லாயிஸ் - பேசுகிறீர்கள் (பெரும்பாலும் எசுப்பானியாவில் மட்டும்)
ஆப்லான் - பேசுகிறார்கள்

தமிழைப் போலவே விகுதி இடத்தைக் காட்டிவிடுவதால் "நான்", "நீ" என்பவற்றைக் கூற வேண்டியதில்லை. ஆனால் விகுதி பால் காட்டாது. "நீ" என்பதற்குத் "தூ", மரியாதைக்கு "உஸ்தெத்". பின்னது "உமது அருள்" எனப் பொருள்படும் பழந்தொடரின் சுருக்கம் ஆதலால் படர்க்கை வினையையே கொள்ளும்.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பேசினேன், பேசுகிறேன், பேசுவேன் மூன்றிலும் "ஏன்" மாறாது. இடைநிலை தனியே காலம் காட்டும். எசுப்பானியத்தில் காலமும் இடமும் பெரும்பாலும் ஒரே ஈற்றில் கலந்துவிடும்: ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லே (பேசினேன்). மேலும், முதலசையை அழுத்தினால் "ஆப்லோ" என்பது "பேசுகிறேன்". ஈற்றசையை அழுத்தினால் "பேசினான்". தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. ஆகவே சொற்களைத் தமிழில் எழுதி மனனம் செய்வது பிழைக்கு வழிவகுக்கும். இக்கட்டுரையின் ஒலிபெயர்ப்புகளும் அவ்வாறே குறைபாடுடையவை.

எனக்குப் பிடிக்கும்

"மே குஸ்தா எல் கஃபே" என்பது "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதே. ஆங்கிலத்தில் விரும்புபவர் எழுவாய். இங்கோ காப்பி எழுவாய், விரும்புபவர் நான்காம் வேற்றுமை. "மே துவெலே லா கபேசா" - எனக்குத் தலை வலிக்கிறது. பிடித்தவை பலவாயின் வினை "குஸ்தான்" எனப் பன்மையாகும். தமிழில் "பிடிக்கும்" மாறுவதில்லை.

"வேயோ லா பெலீகுலா" (படம் பார்க்கிறேன்) என்பதில் உருபு இல்லை. "வேயோ ஆ மரியா" (மரியாவைப் பார்க்கிறேன்) என்பதில் "ஆ" வருகிறது. உயர்திணைக்கு "ஐ" கட்டாயமாவது போன்றதே இது.

இருத்தல்

"செர்", "எஸ்தார்" என இரு வினைகள் உள்ளன. இடத்தைக் குறிக்கும் "இரு" பொதுவாக எஸ்தார்: "எஸ்தா என் அடையார்" (அடையாற்றில் இருக்கிறாள்). "அவள் மருத்துவர்" எனத் தமிழ் வினையின்றி முடிக்குமிடத்தில் செர் வரும்: "எஸ் மேதிகா". அதை விட்டுவிடுவது தமிழர் செய்யக்கூடிய பிழை. பண்புகளில் இவ்விதி பயன்படாது. "உயரமாக இருக்கிறாள்" என்பதற்கும் செர்தான்.

பெயர்களின் பால்

அஃறிணைப் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மயிலாப்பூரின் லஸ் என்னும் பெயர், அங்குள்ள போர்த்துக்கேயர் கட்டிய மாதா கோயிலிலிருந்து வந்தது. ஒளி எனப் பொருள்படும் அச்சொல் எசுப்பானியத்திலும் உண்டு. பெண்பால், "லா லுஸ்". தமிழ் "மேசை"யின் மூலமான போர்த்துக்கேயச் சொல்லும் அவ்வாறே எசுப்பானியத்தில் "லா மெசா".

எதிர்த்திசையிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதி, தமிழ் வினைகளை இலத்தீன் வாய்பாட்டு முறையில் விளக்கினார்.