தொலேதோவும் மானிப்பாயும்

அரபு மொழியிலிருந்த மருத்துவமும் வானநூலும் 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்ந்த களங்களுள் தலையாயது இசுபானிய நாட்டுத் தொலேதோ நகரமாகும். தாலமியின் வானநூலைத் தேடி அங்குச் சென்ற கிரெமோனா நகரத்துச் செரார்டு, அரபு கற்று, அந்நூலை 1175-இல் இலத்தீனில் ஆக்கி முடித்தார். இபின் சீனாவின் மருத்துவப் பெருநூலும் அவரால் இலத்தீன் வடிவம் பெற்றது.

தமிழில் இதற்கு ஒப்பாக யாம் காண்பது யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பணியாகும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். மாணவர் துணையுடன் அங்காதிபாதம், இரணவைத்தியம், மனுஷ சுகரணம் முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார்.

இப்பெயர்களே சொல்லாக்க முறையை ஒருவாறு உணர்த்தும். இவை தமிழில் ஏற்ற வடசொற்களால் அமைந்தன. 1875-இல் வெளிவந்த வேதிநூலுக்கோ, ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைவித்துக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டனர். இலத்தீனாரும் 'அல்ஜபர்' என்னும் அரபுச் சொல்லை இவ்வாறே தமதாக்கிக் கொண்டனர்.

முறை ஒன்றாயினும் பயன் வேறாயிற்று. செரார்டின் மருத்துவநூல் ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களிற் பல நூற்றாண்டு பாடமாயிருந்தது. 1873-இல் கிறீன் தாயகம் திரும்பியபின், தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. நூல்களும் பயில்வாரின்றி அருகின. எனவே, கலைச்சொல் ஆக்குதலோடு அமையாது, அச்சொல் வழங்கும் வகுப்பறையையும் ஆக்குதல் வேண்டும் என்பதே இவ்வொப்பீட்டால் யாம் பெறும் முடிபாகும்.