கல் சுமந்தவர் யார்?

கோபுரம் என்னும் சொல் தமிழர் செவிக்கு முதலில் திருக்கோயில் வாயிலையே நினைவூட்டும். ஆயின் இலங்கைத் தமிழ் வழக்கிலே அச்சொல்லின் பொருள் விரிந்து கிடக்கின்றது. மணிக்கூட்டைத் தாங்கி நிற்பதும் கோபுரம். வெள்ளையர் தம்மவருக்கு நினைவாக எடுத்த நெடுந்தூணும் கோபுரம். பள்ளிவாசலின் மினாராவையும் கோபுரம் என்றே சொல்வாருண்டு. கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அக்குறணையில் இருப்போர்க்கு இந்நால்வகைக் கோபுரங்களும் அணித்தேயுள்ளன. தென்மேற்றிசையிற் கடுகண்ணாவைக் கோபுரம். தெற்கே கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரம். வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இராசகோபுரம். ஊரின் நடுவே பள்ளிவாசல் மினாரா. இவை யாவும் யாரையோ, எதனையோ நினைப்பிக்க எழுந்தவை. இவை நினைப்பிப்பவர் யாவர், மறக்கச் செய்பவர் யாவர் என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

ஆங்கிலேயர் கொணர்ந்த வழக்கம்

பிரித்தானியாவின் சிற்றூர்களிலே பழங்காலந்தொட்டு உயர்ந்து நின்றது தேவாலயக் கோபுரமேயாகும். அதன் மணியோசையே ஊரவர்க்குப் பொழுதையும் இறப்பையும் அறிவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தனி மனிதர்க்கு நினைவுக் கோபுரம் எடுக்கும் வழக்கம் அங்கு மிகுந்தது. பெரி நகரிற் பிறந்து பிரதமரான சேர் றொபேட் பீலுக்கு, அந்நகருக்கு அணித்தான குன்றொன்றின் மேல் 1852ஆம் ஆண்டிற் கோபுரம் எழுந்தது. விக்டோரியா அரசியாரின் 1887, 1897ஆம் ஆண்டு விழாக்களுக்காக எத்தனையோ ஊர்கள் மணிக்கூட்டுக் கோபுரம் எடுத்தன.

அங்கும் கல்லுக்கும் வாய்மொழிக்கும் வழக்கு ஓயவில்லை. 1859இல் ஓடத் தொடங்கிய வெஸ்ற்மின்ஸ்ரர் மணிக்கூட்டின் பெருமணியை உலகம் 'பிக் பென்' என்றழைக்கின்றது. அந்த 'பென்' யார்? கட்டட வேலைக்குப் பொறுப்பாயிருந்த சேர் பெஞ்சமின் ஹோல் என்பர் சிலர். பெஞ்சமின் கோண்ற் என்ற குத்துச்சண்டை வீரன் என்பர் வேறு சிலர். கோபுரத்துக்கே 2012ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியாரின் பெயர் சூட்டப்பட்டது. ஊர் வாயோ இன்றும் பழைய பெயரையே சொல்லுகின்றது.

தமிழ் மண்ணும் இவ்வழக்கத்துக்குப் புறம்பானதன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814ஆம் ஆண்டில் மல்லிப்பட்டினத்துக் கடற்கரையருகே எட்டு நிலைக் கோபுரம் ஒன்றை எடுத்தார். மக்கள் அதனை மனோரா என்பர். 'மினார்' என்னும் சொல்லே தமிழ் நாவில் உருண்டு மனோராவாயிற்று. யாருடைய வெற்றிக்காக எழுந்தது என்பதை மறந்து, அதன் வடிவத்துக்கு மாத்திரம் ஊரார் பெயரிட்டனர்!

கடுகண்ணாவைக் கோபுரம்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதி மலையேறி முடியும் இடத்திலே, கடுகண்ணாவையில், வெண்ணிறத் தூண்போல் நிற்பது டோசன் கோபுரம். உயரம் ஏறத்தாழ 125 அடி. உள்ளே சுழன்றேறும் மரப்படிகள். 1832இல் எடுக்கப்பட்ட இதன் கல்வெட்டு, ஆளுநர் சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே இவ்வீதியைத் தம் கல்வித்திறத்தால் திட்டமிட்டு முடித்தவர் பொறியியற் படைத் தலைவர் கப்டன் டோசன் என்றும், அவர் 1829 மார்ச் 28இல் கொழும்பில் மறைந்தார் என்றும், நண்பரும் அபிமானிகளும் இந்நினைவுச் சின்னத்தை எடுத்தனர் என்றும் கூறுகின்றது.

இக்கோபுரத்தைச் சுற்றி ஊர்க்கதைகள் இரண்டு உலவுகின்றன. ஒன்று, கப்டன் பாம்பு தீண்டி இறந்தார் என்பது. கல்வெட்டு இறந்த நாளையும் இடத்தையும் சொல்கின்றதேயன்றி, காரணத்தைச் சொல்லவில்லை. கல் மௌனம் சாதிக்கும் இடத்திலே வாய்மொழி புகுந்து கதையை நிறைவு செய்தல் எவ்வூரிலும் இயல்பு. மற்றது, கண்டியரசைப் பற்றிய முன்னறிவிப்பு. மலையைத் துளைத்து வருபவனன்றிப் பிறன் எவனும் கண்டியை ஆளமாட்டான் எனப் பழையோர் நம்பினர் என்பதும், கடுகண்ணாவைக் கணவாயிலே பாறையைக் குடைந்து வீதி அமைத்ததும் அவ்வாக்கு நிறைவேறிற்று என்பதும் அக்கதை. வரலாற்று முறைப்படி நோக்கின் கண்டி 1815ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்டது. வீதியோ அதற்குப் பின்னர் வந்தது. ஆயினும் கதையை வெறும் பொய்யெனத் தள்ளுதல் கூடாது. 1817, 1818ஆம் ஆண்டுகளின் பெருங்கிளர்ச்சியை அடக்கிய பின்னரும், படையும் பீரங்கியும் விரைந்து ஏறிவர வழியின்றி ஆட்சி நிலைக்காது என்று ஆங்கிலேயர் உணர்ந்தனர். முடி பறிபோனது 1815இல். நாடு முற்றாகக் கைவிட்டுப் போனது வீதி திறந்தபோதுதான். இவ்வுண்மையையே ஊர்க்கதை தன் மொழியிற் பேசுகின்றது.

வெட்டியவர் யார்?

இனி, கல்வெட்டுச் சொல்லாததொன்றைக் கூறவேண்டும். இவ்வீதியைத் திட்டமிட்டவர் கப்டன் எனில், பாறையை உடைத்தவர் யார்? மண் சுமந்தவர் யார்? 'இராசகாரியம்' என்பது, நிலம் பெற்றதற்கு ஈடாகக் குடிகள் மன்னனுக்குச் செய்யும் ஊழியம். கண்டி மன்னர் காலத்து இவ்வழக்கத்தை ஆங்கில ஆட்சி தன் வீதி வேலைக்குக் கருவியாக்கிக்கொண்டது. பின்னாளில் வீதி அமைப்பிற் பெரும் புகழ் பெற்ற தோமஸ் ஸ்கின்னர், 1820ஆம் ஆண்டளவில், இருபது வயதும் நிரம்பாத இளைஞராய்க் கண்டி வீதியின் ஒரு பகுதியை ஏற்றபோது, அவரிடம் ஒப்படைக்கப்பட்டோர் கிராமத்து ஆட்கள் ஏறத்தாழ 200 பேர். வயலையும் சேனையையும் விட்டு வந்தவர்கள். காட்டுக் காய்ச்சலுக்கும் மழைக்கும் இரையானோர் பலர்.

இங்கே சிந்திக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியத்தை ஒழிக்கும் ஆணை 1832இல் பிறந்தது. டோசன் கோபுரம் எழுந்த ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் ஊழியம் ஒழிந்தது. ஊழியம் வாங்கியவருக்குக் கோபுரம் எழுந்தது. ஊழியம் செய்தவர்க்கு ஒரு கல்தானும் இல்லை.

நம் இலக்கியத்திலே கல் சுமந்தோர் பெயர் நிலைத்ததொரு வரலாறு உண்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிப் படிமத்துக்கு இமயத்துக் கல்லைக் கொணர்ந்தபோது, அதனைச் சுமந்தோர் கனகனும் விசயனும் என்று சிலப்பதிகாரம் செப்புகின்றது. அக்கண்ணகி விழாவிலே இலங்கைக் கயவாகு வேந்தனும் இருந்தான் என அக்காப்பியம் கூறுதலும், கண்டியிலே பத்தினித் தேவாலயம் இன்றும் விளங்குதலும் நமக்கு நெருங்கிய செய்திகள். ஆனால் கனக விசயர் பெயர் ஏன் நிலைத்தது? அவர்கள் தோற்ற மன்னர் என்பதனாலன்றோ! குடிமகன் ஒருவன் அக்கல்லைச் சுமந்திருப்பின் இளங்கோவடிகள் வாக்கிலும் அவன் பெயர் இடம் பெற்றிருக்குமோ என்பது ஐயமே. தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையை ஆறு துறையாக வகுக்கின்றது. கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை யாவும் கல்லாகி நின்ற வீரனை நோக்கியனவே.

தவளம் போன வழி

அக்குறணை முஸ்லிம்களின் முன்னோரைப் பற்றிய வாய்மொழி மரபு, இரண்டாம் இராசசிங்க மன்னன் (1635–1687) காலத்து வந்த அராபியர் மூவரைச் சுட்டுகின்றது. அதனை மரபாகவே கொள்வோம். கண்டியரசிலே முஸ்லிம்கள் பலர் 'மடிகே' என்னும் பொதிமாட்டுத் துறையிற் பணி செய்தமை வரலாற்றிற் பதிந்த செய்தி. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏற, மலைநாட்டுப் பாக்கும் மிளகும் கரைக்கு இறங்க, மாடுகளின் முதுகே வண்டியாயிற்று. அம்மாட்டு நிரையைத் தவளம் என்பர். கடுகண்ணாவை வீதி திறந்து வண்டிகள் ஓடவும் தவளம் மெல்ல மறைந்தது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடியது; 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தது. தவளம் போன ஒற்றையடிப் பாதைகளுக்குக் கோபுரம் ஏது? முதியோர் நாவில் வழங்கும் சில இடப்பெயர்களும் வீட்டுப்பெயர்களுமே அவற்றின் கல்வெட்டு.

தந்தை எடுத்த கோபுரம்

கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் வேறு வகையினது. ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்பார், 1947ஆம் ஆண்டு மாவனல்லையில் வாகன விபத்தில் மாண்ட தம் மகன் முகம்மது சக்கி இஸ்மாயிலின் நினைவாக இதனை எடுத்து நகருக்கு அளித்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை உருவாக்கிய ஷேர்லி த அல்விஸ் இதனை வரைந்தார், பிரதமர் டீ. எஸ். சேனாநாயக்கா 1950 டிசெம்பரில் திறந்து வைத்தார். மாவனல்லை டோசனின் வீதியிலேயே உள்ளதோர் ஊர். ஒரே வீதி, அமைத்தவருக்கு ஒரு கோபுரத்தையும், அதில் மாண்ட இளைஞருக்கு மற்றொரு கோபுரத்தையும் தந்தது.

பேருந்து எப்போது புறப்படும் என அண்ணாந்து பார்ப்போர் நாள்தோறும் எண்ணிலர். அது ஒரு தந்தையின் துயரம் என அறிந்து பார்ப்போர் மிகச் சிலரே. புத்திர சோகத்தைத் தம் இல்லத்தில் வைத்துப் பூட்டாமல், எல்லா இனத்தார்க்கும் பொழுது காட்டும் பொதுப்பணியாக மாற்றிய அப்பெருந்தகைமை போற்றற்குரியது. கொழும்புப் புறக்கோட்டையிலே பார்சி மரபினரான கான் என்பாரின் மைந்தர் இருவர், தந்தையின் நான்காம் ஆண்டு நினைவு நாளாகிய 1923 சனவரி 4இல் நகர மக்களுக்கு அளித்த மணிக்கூட்டுக் கோபுரமும் இத்தன்மையதே. காலிக் கோட்டையில் 1883இல் எழுந்ததோ, மருத்துவர் அந்தோனிஸ் உயிரோடிருந்த காலத்திலேயே மக்கள் பணந்திரட்டி எடுத்தது. அதன் மணிக்கூட்டை, அவரால் நோய் தீர்ந்த ஒருவர் நன்றிப் பொருளாகக் கொடுத்தார்.

வடக்கே நிற்கும் கோபுரம்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இராசகோபுரம் 108 அடி உயர்ந்தது. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காடுகளினூடே நடந்து வந்து மலைநாட்டிற் புகுந்த வாயில் மாத்தளை. வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர்க்குப் புதைகுழியும் அடையாளமின்றிப் போயிற்று. எஞ்சியோர் வழியின் முடிவிலே அம்மனை வழிபட்டனர். 1983ஆம் ஆண்டு வன்செயலிற் சேதமுற்றும் அக்கோயில் மீண்டும் பொலிவு பெற்றது. அங்குள்ள கோபுரத்திலே எந்தத் தொழிலாளியின் பெயரும் இல்லை. ஆயினும் தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகள் யாருடைய வழிவந்தவை என்பதை ஊர் அறியும். நினைவைக் கல்லில் எழுதாமல் விழாவில் எழுதிவைத்தனர் எனலாம்.

செய்யத் தக்கது

ஆகவே கோபுரம் தன் பொருட்டுப் பொருள் ஈந்தவரையும், யார் பொருட்டு எழுந்ததோ அவரையும் நினைவில் வைக்கின்றது. சுமந்தவரை நினைவில் வைப்பது வாய்மொழி ஒன்றே. கல்லுக்கு ஆயுள் நீண்டது. வாய்மொழிக்கோ சொல்லுவோரின் ஆயுளே ஆயுள். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஓர் ஏட்டுச்சுவடி செல்லரித்துப் போகின்றது.

பாடசாலைகளில் தமிழும் சரித்திரமும் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர்க்குக் கட்டுரைப் பொருளாக நிலாவையும் மழைக்காலத்தையும் ஆண்டுதோறும் கொடுத்தது போதும். தத்தம் பாட்டனார் பாட்டியாரிடம் சென்று, நம் குடும்பத்தார் இவ்வூருக்கு எவ்வழியாக வந்தனர், எந்த வீதியில், எந்தப் பாலத்தில், எந்தத் தோட்டத்தில் உழைத்தனர் எனக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், அவர் யாரிடம் கேட்டார், ஏறத்தாழ எந்தக் காலம் என்ற மூன்றையும் கீழே குறிக்கச் செய்யுங்கள். கேள்வியால் வந்ததையும் கல்வெட்டால் வந்ததையும் கலவாமல் வைக்கப் பழகுவதே சரித்திரக் கல்வியின் முதற்பாடம்.

கடுகண்ணாவைக் கோபுரத்தடியிலே, டோசனின் கல்வெட்டை அகற்றாமல், அதன் அருகே சிங்களத்திலும் தமிழிலும் மற்றொரு சிறு கல் நடுதல் தகும். இவ்வீதியை இராசகாரியத்தால் வெட்டிய குடிகளின் நினைவாக என்று ஒரு வரி அதிற் போதும். அவர்தம் பெயர்கள் நமக்குக் கிடைத்தில. அவர் உழைத்தார் என்ற செய்தி கிடைத்துள்ளது. அதுவும் கைநழுவும் முன்னரே அக்கல்லை நடவேண்டும்.