நிமிடம் பதுக்கும் கலை

மாநாட்டு மேடையின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். அப்புறம் எந்தக் கூட்டத்திலும் பேச்சில் மனம் நிற்காது. திரை ஏன் அசைகிறது, ஓரத்தில் நிற்கும் பையன் யாருக்குச் சைகை காட்டுகிறான் என்றே கண் அலையும். சென்னையில் மூன்று நாள் மருத்துவ மாநாடு ஒன்றில், அதை நடத்திய மேலாளரின் பின்னாலேயே ஓடித் திரிய அனுமதி கிடைத்தது. அன்று பிடித்த வியாதி எனக்கு இன்னும் தீரவில்லை!

முதல் அதிர்ச்சி: நிகழ்ச்சி நிரல் இரண்டாம். நமக்கு வழவழ தாளில் தருவது ஒன்று. மேலாளர் நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருப்பது வேறு. அதற்குப் பெயர் ‘மினிட் டு மினிட்’. அழைப்பிதழில் ‘9.30 தொடக்க விழா’ என்று ஒரே வரி. இவர் தாளிலோ 9.52 தமிழ்த்தாய் வாழ்த்து, 9.54 குத்துவிளக்கு, 9.58 பொன்னாடை. “9.30ன்னு போட்டாதாங்க 9.50க்கு வருவாங்க” என்றார், கூசாமல். சிறப்பு விருந்தினரிடம் 10 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். தாளில் அவருக்கு ஒதுக்கியிருப்பது 18. அச்சில் அரை மணி நேரத் தேநீர் இடைவேளை, இவர் கணக்கில் 20 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பதுக்கி வைத்திருக்கிறார், கடுகு டப்பாவில் காசு ஒளிக்கும் பாட்டி மாதிரி!

குத்துவிளக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து திரி, ஐந்து பிரமுகர், ஐந்து காத்திருப்பு. ஆகவே திரி நுனியில் முந்தைய இரவே கற்பூரம் பொடித்துத் தடவியாகிவிட்டது. மெழுகுவத்தி பட்டதும் பற்றிக்கொள்ளும். மேடைப் பக்கத்து ஏசி சரியாக அந்த நேரத்துக்கு நிற்கும். இதற்கென்றே ஒரு தம்பி சுவிட்சருகே நிற்கிறான். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்த மங்கலச் சுடருக்குப் பின்னால் இப்படி ஒரு தம்பி எப்போதும் இருக்கிறான் என்று தெரிந்தபோது துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

அடுத்தது நாற்காலி. மேடையில் ஏழு பேர் என்று திட்டம். வருவதாகச் சொன்ன ஒருவர் வரமாட்டார், சொல்லாத ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை மேடைக்கு அழைக்காவிட்டால் சங்கத்துக்குள் ஆறு மாதம் புகைச்சல். திரைக்குப் பின்னால் உதிரி நாற்காலி ஒன்று, எழுதப்படாத பெயர்ப்பலகைகள், சின்ன பிரிண்டர், இரண்டு பொன்னாடை அதிகப்படி. பெயர் அடித்து, நாற்காலி போட்டு, தொகுப்பாளரின் அட்டையில் சரியான வரிசையில் பெயரைச் செருகி... வரவேற்புரை முடிவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்த வேலையில் மிகக் கடினமானது பெயர்களின் வரிசைதான். ஒலிபெருக்கி கெட்டால் மன்னித்துவிடுவார்கள். தன் பெயர் ஒருவருக்குப் பின்னால் போனால் மன்னிக்க மாட்டார்கள்.

இந்தக் கூத்து மூன்று நாள்தான். முன்வேலை ஏறக்குறைய ஒரு வருடம். அரங்கு பிடிப்பது, பட்ஜெட், ஸ்பான்சர், வந்து குவியும் ஆய்வுச் சுருக்கங்கள், காவல்துறை, தீயணைப்பு, வெளிநாட்டுப் பேச்சாளர்களின் மாநாட்டு விசாவுக்கு மத்திய அமைச்சகங்களின் ஒப்புதல். எல்லோருக்கும் அவ்வளவு அவகாசம் வாய்ப்பதில்லை. 2022இல் ரஷ்யாவிலிருந்து கைமாறிய செஸ் ஒலிம்பியாடை மாமல்லபுரத்தில் நடத்தக் கிடைத்தது நான்கு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அதற்குள் அரங்கைச் சோதிக்கவே ஒரு ஒத்திகைப் போட்டியும் நடத்திவிட்டார்கள். “அது வேற லெவல்ங்க” என்று நம் மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேச்சாளர்கள் பென் டிரைவோடு வரிசை கட்டும் ஓர் அறை உண்டு. வீடியோ ஓடாது, எழுத்து கட்டம் கட்டமாக மாறும், கடைசி ஸ்லைடை இப்போதுதான் திருத்துவார்கள். அங்கே கணினி பார்க்கும் பெண்ணைப் பெரிய பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்களெல்லாம் “கொஞ்சம் பாரும்மா” என்று கெஞ்சுகிறார்கள்! மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். சிவப்பு எரிந்தும் நிறுத்தாத மூத்த பேராசிரியருக்குத் தனி மருந்து: நினைவுப் பரிசைக் கையில் ஏந்திய ஒருவர் மேடைப் படியருகே வந்து புன்னகையோடு நிற்பார். பரிசைக் கண்டதும் பேச்சு தானாக முடிந்துவிடுகிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் தலைகளை எண்ணுவதில்லை, தட்டுகளை எண்ணுகிறார்கள். சமையல் காண்டிராக்டரின் ஆள் ஒருபுறம், நம் ஆள் மறுபுறம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் பில். பிரியாணி வாசம் அரங்கை எட்டிவிட்டால் பேச்சாளர் யாராக இருந்தாலும் பயனில்லை என்று கூடத்தின் கதவுகளை மூடியே வைத்திருந்தார்கள். உண்ட மயக்கத்துக்கும் வைத்தியம் தயார்: இரண்டு மணி அமர்வுக்கு ஏசியை இன்னும் இரண்டு டிகிரி இறக்குவது.

மூன்றாம் நாள் மாலை, நிறைவு விழா. இரண்டு பேச்சாளர்கள் ரயிலைப் பிடிக்க ஓடியதில், பதுக்கிய நிமிடங்கள் அத்தனையும் மிச்சம்! நான் கைதட்டப் போனேன். மேலாளரின் முகமோ வெளிறிவிட்டது. வாக்கி டாக்கியில் சமையல்கூடத்திலிருந்து குரல்: “அக்கா, போண்டாவுக்கு இப்பதான் எண்ணெய் காயுது.” நன்றியுரைக்கு எழுந்த செயலாளரின் காதில் மேலாளர் குனிந்து சொன்னார்: “சார், கொஞ்சம் விரிவாவே பேசுங்க. யார் பேரையும் விட்டுடாதீங்க.”