பெரியாறு அணை: வருவாய்க் கணக்கும் பொறியாளர் மதிப்பீடும்

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப, 1867-இல் ரைவ்ஸ் 62 அடி உயர மண்ணணையை முன்மொழிந்தார். பென்னிகுவிக் 1882-இல் முன்வைத்ததோ சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையிலான கல்லணை. செலவு நோக்கில் மண்ணே மலிவு. ஆயின் கட்டும் பருவத்தில் வெள்ளம் மேலேறின் மண்கரை அரிக்கப்பட்டு உடையும். கல்கட்டோ அரைகுறையாயினும் வழிந்தோடவிட்டு நிற்கவல்லது. 1887-இல் தொடங்கிய பணியைப் பெருவெள்ளங்கள் பன்முறை சிதைத்தமையும், 1895-இல் அது நிறைவுற்றமையும் இம்மதிப்பீட்டிற்குச் சான்றாகின்றன.

வணிகக் கணக்கு 1886 ஒப்பந்தத்தில் வெளிப்படுகிறது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய், 999 ஆண்டுகள். விளைநிலத் தீர்வையே இதன் எதிர்பார்ப்பு. நீரின் வழியை, எனினும், நிலச்சரிவே வகுத்தது. சுருளியாற்றின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் அந்நீர், மூல வைகைக் கரையிலுள்ள மயிலாடும்பாறையைத் தொடுவதில்லை. தேனிக்கு அருகிலேயே வைகையைச் சேர்கிறது.