குளித்ததும் தோல் ஏன் இழுக்கிறது?

குளித்துத் துவட்டிய இரண்டாம் நிமிடமே முழங்கை மடிப்பு இழுக்கிறதா? அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் சோப்பு வழித்தெடுத்துவிட்டது என்று பொருள்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர். இறந்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் பூச்சுக் கலவை. எக்ஸிமாக்காரர்களுக்குச் சுவரே பலவீனம். ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடும் இதற்கு ஒரு காரணம் என்பது 2006இல் தெரியவந்தது.

தோலின் பி.எச். ஏறக்குறைய 5, சோப்பினுடையதோ 9, 10. அந்தக் காரத்தில், செல்களைப் பிணைக்கும் புரதங்களை அறுக்கிற நொதிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. சுவர் மேலும் உதிர்கிறது. உப்புப் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்: வாளி ஓரத்தில் ஒட்டும் அதே வெள்ளைப் பிசுக்கு தோலிலும் படியும்.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) எத்தனை சதவீதம் என்று தேடுவது வீண். அது சோப்பின் தரத்தைச் சொல்லும், மென்மையைச் சொல்லாது. 'சின்டெட்' (செயற்கைச் சலவைப்பொருளால் ஆன கட்டி) வகையா, பி.எச். 5.5ஐ ஒட்டியதா, வாசனை சேர்க்காததா என்று பாருங்கள். 'மூலிகை' என்ற சொல்லில் மயங்காதீர்கள். வேப்பெண்ணெய்ச் சோப்பும் காரம்தான். சின்டெட்டில் நுரை குறைவாக வரலாம், பழகிவிடும். நார் வேண்டாம், கை போதும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.