உங்கள் பில்லுக்கு எத்தனை எண்கள்?

புக்கிட் செந்தோசாவில் லாரி உதிரிபாகம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டம் ஒன்று பத்து பிரேக் பேட் கேட்கிறது. கடைக் கணினி பில் போட்டு 00045 என்று எண் தருகிறது. அங்கிருந்து அந்தப் பில், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் ‘மைஇன்வாய்ஸ்’ முறைக்கு இணையம் வழியே போகிறது. நடுவில் மனிதர் யாரும் இல்லை. மென்பொருளும் மென்பொருளும் பேசிக்கொள்கின்றன.

மலேசியாவில் மின் விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. முதலில் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு, பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும். வரியைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ, தலைவலி எண்ணில் இருப்பதாகப் படுகிறது.

ஒரே தடவையில் 100 பில்கள் வரை அனுப்பலாம். ஏற்றுக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் வாரியம் எழுத்தும் எண்ணும் கலந்த 26 இலக்க அடையாளம் தருகிறது. அதோடு வேலை முடியவில்லை. சரிபார்ப்பு அதற்குப் பிறகுதான். கடையின் மென்பொருள் சற்றுப் பொறுத்து மறுபடியும் போய், “என் பில் என்ன ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். நூறில் மூன்று தேறவில்லை என்றால், எந்த மூன்று? இதற்காகத்தான் வாரியம் பதில் அனுப்பும்போது தன் எண்ணோடு நம் 00045-ஐயும் அப்படியே திருப்பித் தருகிறது. இரண்டையும் ஒரே வரியில் சேமித்து வைப்பது கடையின் பொறுப்பு.

கோளாறு இங்கேதான் நுழைகிறது. ஆர்டர் வாட்ஸ்அப்பில், சரக்கு எக்செல்லில், கணக்கு இன்னொரு மென்பொருளில். எக்செல்லில் 00045 என்று தட்டினால் அது 45 ஆகிவிடும். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வெவ்வேறு பில். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வையுங்கள். (வாடிக்கையாளரின் ஐசி எண்ணையே பில் எண்ணாக்கும் பழக்கம் வேண்டாம். அது போகிற மென்பொருளிலெல்லாம் பதிவாகும்.)

சரிபார்ப்பு முடிந்து 72 மணி நேரத்துக்குள் பில்லை ரத்து செய்யலாம். தோட்ட அலுவலகம் ஒரு வாரம் கழித்து, “எட்டுதானே வந்தது?” என்று போன் செய்தால் ரத்துக்கு வழியில்லை, கிரெடிட் நோட் போட வேண்டும். அதில் பழைய பில்லின் 26 இலக்க எண்ணைக் குறிப்பிட வேண்டும். 00045-க்கு எதிரே அது இல்லையென்றால், பழைய பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியதுதான்.

மென்பொருள் விற்க வருபவரிடம், காசு கொடுப்பதற்கு முன்பே, உங்கள் பழைய பில் ஒன்றைக் கொடுங்கள். ஆர்டரிலிருந்து ரசீதுவரை அதே எண் மாறாமல் போகிறதா என்று உங்கள் கண்முன்னே செய்துகாட்டச் சொல்லுங்கள்.