எந்த மடியில் வந்த மீன்?

ராமேசுவரம் கரையில் மீனுக்கும் கிழமை உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடலுக்குப் போகலாம். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுகளுக்கு. கடலுக்குப் போன விசைப்படகு இரவெல்லாம் மடி இழுத்துவிட்டு மறுநாள் காலை கரைக்கு வரும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் இங்கே குவிவது பெரும்பாலும் இழுவை மடியில் வந்த மீன். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து "இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்காதவர் கிடையாது. "எந்தப் படகுல வந்தது?" என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். கடலுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது கேள்விதான்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். இழுவை மடி இங்கே தரையைத் தடவிக்கொண்டே போகும். கடல் பசு மேய்கிற கடற்புல் படுகையும் அந்தத் தரையில்தான் இருக்கிறது. மடி தேடுவது இறாலை. கூடவே வருவது விரலளவு மீன், நண்டுக் குஞ்சு, பெயர் சொல்லி விற்க முடியாத இன்னும் பல. இவற்றையெல்லாம் சேர்த்து மீனவர்கள் 'சங்காயம்' என்பார்கள். சங்காயம் வீணாவதில்லை. காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்கும் பண்ணை இறாலின் தீவனத்துக்கும் போகிறது. மீனே வாங்காமல் பிராய்லர் கோழியும் முட்டையும் வாங்கி வருகிறவரின் பையிலும் கொஞ்சம் கடல் இருக்கிறது என்பதை யாரும் விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

நாட்டுப்படகுக்காரர் விரிக்கும் செவுள்வலை கண்ணிக்கு ஏற்ற அளவு மீனைத்தான் பிடிக்கும், சின்னது நழுவிவிடும். கண்ணி பொடியாக இருந்தால் அதுவும் குஞ்சை வாரும் என்பதால், நாட்டுப்படகு என்ற பெயரே போதும் என்று நம்பிவிடவும் முடியாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும், மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிக்கும் தமிழ்நாட்டில் தடை போட்டு வருடக்கணக்காகிறது. சுருக்குமடி மட்டும், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் 2 நாள், நிபந்தனைகளோடு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது.

வெளியூர்க்காரருக்கு மீன் என்றால் வஞ்சிரம், இல்லையென்றால் இறால். கரையோர வீடுகளின் அடுப்பில் சூடை, சாளை, காரல், முரல், நெத்திலி என்று பருவத்துக்கு ஒன்று கொதிக்கும். சூடையும் நெத்திலியும் ஏறத்தாழ ஓராண்டில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். எடுத்த இடம் சீக்கிரம் நிரம்பும். சுறா அப்படியல்ல. பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும், ஈனுவதும் சில குட்டிகள்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது வழக்கம். அவளுக்கே காரல் சாறு வைத்துக் கொடுப்பதும் வழக்கம்தான். இரண்டில் காரலைத் தேர்ந்தெடுத்தால் விலையும் குறைவு, வழக்கமும் கெடாது.

அளவைப் பார்ப்பதும் கடினமான காரியமல்ல. கேரளம் சில மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்திருக்கிறது: சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. ஆள்காட்டி விரலைப் போல இரண்டு மடங்கு நீளம் இல்லாத அயிலை இன்னும் குஞ்சு என்று வைத்துக்கொள்ளலாம். நண்டுக்கு ஸ்கேலே வேண்டாம். திருப்பிப் போட்டால் போதும். வயிற்று மூடி ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். மூடிக்கு வெளியே பஞ்சு போலச் சினை திரண்டிருந்தால், மஞ்சளாக இருந்தாலும் கருத்திருந்தாலும், அது லட்சக்கணக்கான முட்டை. கருத்த சினை என்றால் பொரிக்கிற நாள் நெருங்கிவிட்டது. மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடிப் பக்கம் நண்டுதான் பல வீடுகளுக்குப் படியளக்கிறது. அதன் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. சினை நண்டுதான் ருசி என்று தேடி வாங்குகிறவர்கள் அடுத்த வருடத்து நண்டையும் சேர்த்தே தின்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் கடைகளில் பெரிய மீன் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதே என்றால், மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது; ஐஸ் பெட்டியில் அங்கிருந்து லாரி ஏறி வருகிறது. உள்ளூர் வழி வேறு. நாட்டுப்படகு மீன் கிடைத்தால் அது, இல்லையென்றால் கருவாடு, கோடையில் கண்மாய் வற்றும்போது கெளுத்தியும் விராலும்.

பண்ணை மீன் மாற்றாகுமா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. கூண்டுகளில் அதை வளர்க்கிறார்கள். ஆனால் அதுவும் மீன் தின்று வளர்கிற மீன். இறால் பண்ணைக்கோ கோர்ட் வரலாறே உண்டு: காந்தியவாதி எஸ். ஜெகநாதன் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மளிகைக் கடை அலமாரியிலும் இந்தக் கடல் இருக்கிறது. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடல்பாசியை எடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசிதான் மதுரை ஆலைகளில் அகர் எனும் அந்தக் கடல்பாசி ஆகிறது. 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு இவர்களின் தொழிலுக்கு நெருக்கடி வந்தது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தியும் மற்றப் பெண்களும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பறிப்பு, பாசி வளரும் பருவத்தில் 45 நாள் ஓய்வு, சுரண்ட இரும்புக் கருவி கூடாது. இதற்காக லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது.

கரையில் நிற்கிறவருக்குப் படகைக் கேட்கும் வசதி இருக்கிறது. பரமக்குடியைத் தாண்டினால் எல்லா மீனும் ஒரே ஐஸ் பெட்டி; விற்கிறவருக்கே எந்தப் படகு என்று தெரியாது. மதுரைக்காரர் பார்க்க முடிந்தது என்ன மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம் என்கிற மூன்றைத்தான். மாதத்துக்கு உதவ திவ்யா கர்னாட் தொடங்கிய 'இன்சீசன் ஃபிஷ்' என்ற முயற்சி எந்தப் பருவத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று பட்டியல் தருகிறது. அது கைவசம் இல்லாதவர், விலைப்பலகையில் வஞ்சிரத்துக்கு மிகவும் கீழே எழுதியிருக்கிற பெயர்களிலிருந்து தொடங்கலாம்.